உப்பு வண்டிக் கதையைப் பிரித்த வீடு

"அம்மா, மூன்று போதாது" என்றார் வெள்ளியம்பலம்.

மடத்துத் தலைவி தையல்நாயகி பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நேற்றும் இதைத்தான் சொன்னீர்கள், ஐயா."

"நேற்று ஒன்பது புத்தகங்களுக்கு இடம் கேட்டேன். இன்று பதினொன்றுக்குக் கேட்கிறேன்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே தங்கிப் படிப்பவர் ஒவ்வொருவரும், அவ்வாண்டில் தாம் படித்தவற்றுள் மிகவும் பிடித்தவற்றைத் தெரிந்தெடுத்து, ஒரு பட்டுத் துணியில் கட்டிச் சரசுவதி பூசையில் வைப்பார். பட்டில் கட்டியவை அடுத்த ஆண்டு முழுவதும் அவருடைய அறையிலேயே இருக்கும். மற்றவை பொது அறைக்குத் திரும்பிவிடும். அங்கிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

ஒருவருக்கு ஒரு துணி. அதில் மூன்று புத்தகங்களே அடங்கும். ஐந்து அடங்கும் என்று சொல்வாரும் உளர். அவர்கள் அந்தத் துணியைப் பார்த்தவர்கள் அல்லர்.

வெள்ளியம்பலம் தலைவியைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர். நீதிமன்றத்தில் வழக்காடி ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்தவர். வழக்காடுவது மட்டும் ஓயவில்லை.

தலைவி குளிக்கப் போகும்போது வழிமறிப்பார். அவர் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வந்து உட்காருவார். புத்தகங்களின் வரிசை ஒவ்வொரு நாளும் மாறியிருக்கும்.

"நேற்று முதலில் இருந்தது இன்று எட்டாவதாகிவிட்டதே, ஏன்?"

"இரவு முழுவதும் யோசித்தேன்."

"அது என்ன தவறு செய்தது?"

"தவறு ஒன்றுமில்லை. ஆனால் இந்த இரண்டாவதில் பாட்டுகள் அருமை. மூன்றாவதில் வாதம் அருமை. நான்காவதில் வருகிற கஞ்சன் அச்சாக என் மைத்துனன். அதை எப்படி விடுவது?"

தலைவி தவிட்டுக் கையை உதறினார்.

"ஐயா, இந்தப் பதினொன்றில், எந்த ஒன்றை நீங்கள் யார் கையிலும் கொடுக்க மாட்டீர்கள்?"

வெள்ளியம்பலம் யோசிக்கவே இல்லை.

"உப்பு வண்டிக் கதை."

உப்பு வணிகர் மகள் ஒருத்தி, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அண்ணனைத் தேடித் தன்னந்தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகும் கதை அது. அதற்கு அவர் பழுப்புக் காகித உறை போட்டிருந்தார். வாழைப்பழம் தின்ற கையால் எவரும் தொட்டுவிடக் கூடாதென்று தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

"கொண்டு வாருங்கள்" என்றார் தலைவி.

வழக்கில் பாதி வென்றுவிட்ட முகத்தோடு அவர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்நேரம் பின்தெருவிலிருந்து செங்கமலம் வந்தாள். தறி வீட்டுக்காரி. பூசைக்கான பட்டுத் துணிகளை நெய்து கொடுப்பவர்கள் அவள் வீட்டார்தாம். கூடையை இறக்கித் துணிகளை எண்ணி வைத்தாள்.

"செங்கமலம், படிக்க ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டார் தலைவி.

"குடுத்தாப் படிப்போம், அம்மா. எங்க வீட்ல எல்லாரும் படிப்பாங்க."

தலைவி உப்பு வண்டிக் கதையை எடுத்துக் காலிக் கூடைக்குள் வைத்தார்.

"அம்மா!" என்று கத்தினார் வெள்ளியம்பலம்.

"பூசைக்கு முன்னால் போய் வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா."

"போன ஆண்டு இவர்கள் வாங்கிப்போன சமையல் புத்தகம் திரும்பி வந்தபோது ரச வாசனை அடித்தது!"

"சமையல் புத்தகம்தானே, ஐயா? வேறென்ன வாசனை அடிக்க வேண்டும்?"

செங்கமலம் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிப் போய்விட்டாள்.

அதன்பின் பூசை வரும்வரை மடத்தில் எவருக்கும் நிம்மதி இல்லை. மழை தூறினால், "தறி வீடு ஒழுகுமே" என்றார் வெள்ளியம்பலம். வெயில் அடித்தால், "முற்றத்தில் போட்டிருப்பார்கள்" என்றார். மற்றப் பத்துப் புத்தகங்களை அவர் தொடவே இல்லை.

பூசைக்கு முதல் நாள் காலையில் அவரே தறி வீட்டுக்குப் புறப்பட்டார்.

வாசலிலேயே காதடைத்தது. ஐந்து தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் ஆயுத பூசை, தறியைத் தொடக்கூடாது. அதனால் அன்றைக்கே இரண்டு நாள் வேலையையும் முடித்துவிடப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு தறிக்குப் பக்கத்திலும் கொஞ்சம் தாள்கள் இருந்தன. அவற்றின்மேல் கல்லோ செம்போ பாரமாக வைக்கப்பட்டிருந்தது. பழுப்புக் காகித உறை மட்டும் ஆணியில் தனியாகத் தொங்கியது.

வெள்ளியம்பலம் அந்த உறையைக் கையில் எடுத்தார்.

"பிரித்துவிட்டீர்களா?"

செங்கமலம் தறியை நிறுத்தினாள்.

"வாங்க, சாமி. இந்தச் சத்தத்துல ஒருத்தர் படிச்சா இன்னொருத்தர் காதுல விழாது. ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் எடுக்கறதுன்னா அடுத்த தீபாவளி ஆயிடும். அதான் ஆறா பிரிச்சோம். தெச்சிருந்த இழையக்கூட எடுத்து வெச்சிருக்கேன். திரும்பச் சேத்துத் தெச்சுக் குடுத்துடுவோம்."

"இது கொலை!"

"யாரை, சாமி? அண்ணனையா? ஐயோ, நான் இன்னும் அதுவரைக்கும் வரலியே!"

பக்கத்துத் தறியிலிருந்து அவளுடைய ஓரகத்தி குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் சாகல. அஞ்சாவது பகுதியில காய்ச்சலாப் படுத்திருக்கான், பாவம்."

"என்ன பாவம்? கூடப்பொறந்தவளத் தெருத்தெருவா அலைய விட்டவன்!"

"நீ ரெண்டாவதுலயே நிக்கற. அஞ்சாவதப் படிச்சிட்டு வந்து பேசு."

"நீ மொதல்லயிருந்து படிச்சிட்டு வந்து பேசு. நடுவுல புகுந்தவளுக்கு என்ன தெரியும்?"

இருவரும் ஒரே நேரத்தில் வெள்ளியம்பலத்தின் பக்கம் திரும்பினார்கள்.

"சாமி முழுசாப் படிச்சவரு. அவரே சொல்லட்டும்."

அவர் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தீர்ப்புக் கேட்டால் சொல்லாமல் இருக்க அவரால் இயலாது.

"அக்கதையின் சிறப்பு, அண்ணன் நல்லவனா கெட்டவனா என்பதில் இல்லை. அதன் சொல்லமைதியில் இருக்கிறது. ஆற்றங்கரையில் மாலை வருவதைச் சொல்லும் ஓர் இடம் போதும்."

"ஆமா, ஆத்தங்கரை!" என்றாள் செங்கமலம். "அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். மாடு ஒண்ணு படுத்துப்போச்சுன்னு, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன்கிட்ட விட்டுட்டுப் போறாளே, அவன் அந்த மாட்டுக்குத் தீனி வெச்சானா, இல்லியா?"

வெள்ளியம்பலம் வாயைத் திறந்தார்.

அந்த மாலைக் காட்சியை அவரால் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க முடியும். மாட்டைப் பற்றி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அது கதையில் இல்லை."

"எப்படி இல்லாமப் போகும்? வாயில்லா சீவன்!"

"அவ திரும்பி வரும்போது மாடு நல்லா எழுந்து நிக்குது" என்றாள் குப்பம்மாள். "தீனி இல்லாம எப்படி நிக்கும்?"

"அப்போ யாரோ வெச்சிருக்காங்க. யாரு?"

"அந்த ஆள்தான்."

"அந்த ஆள் திருடன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. அவரு ஆறாவதுல இருக்காரு."

"திருடன் மாட்டுக்குத் தீனி வைக்க மாட்டானா?"

வெள்ளியம்பலம் நெற்றியைத் தடவிக்கொண்டார். எங்கோ ஒரு வைக்கோற் போர் வந்தது. ஒரு சிறுமி வந்தாளா? அல்லது அது வேறு புத்தகமா?

"நாலாம் பகுதியைக் கொடுங்கள்" என்றார். "இருந்தால் அதில்தான் இருக்கும். இப்போதே காட்டிவிடுகிறேன்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செங்கமலம் குரலைத் தாழ்த்தினாள். "நாலாவது மாப்பிள்ளைகிட்ட இருக்கு."

மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை நவராத்திரிக்கு வந்திருந்தார். வந்த அன்றே உள்ளறையில் பாய் போட்டு, பலகாரத் தட்டும் நாலாம் பகுதியும் கொடுத்திருந்தார்கள். அவர் வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பவர். நாளுக்கு ஒரு பக்கம்தான்.

"வாங்கி வாருங்களேன்."

"மாப்பிள்ளை கையிலருந்து பிடுங்கச் சொல்றீங்களா, சாமி? நாளைக்கு என் பொண்ணு அந்த வீட்ல வாழ வேணாமா? நாங்களே அஞ்சு நாளாக் காத்துக் கெடக்கோம். நீங்க வேணா கேட்டுப் பாருங்க."

வெள்ளியம்பலம் உள்ளே போனார்.

"தம்பி, அந்தத் தாள்களைக் கொஞ்சம் கொடுங்கள்."

"படிச்சிட்டிருக்கேன்."

"அது என் புத்தகம்."

"அப்படியா? நல்ல புத்தகம்" என்றார் மாப்பிள்ளை. விரல் நகரவில்லை.

"ஒரே ஒரு பக்கம் பார்க்க வேண்டும்."

"நான் முடிச்சதும் பாக்கலாம்."

"தம்பி, நான் இதை எத்தனையோ முறை படித்தவன்!"

"அப்புறம் என்ன அவசரம்?"

நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட எதிராளி அவருக்கு வாய்த்ததில்லை. குரலை இறக்கினார்.

"சரி. மாட்டுக்கு யார் தீனி வைத்தார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

மாப்பிள்ளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"சொன்னா உங்களுக்குச் சுவாரசியம் போயிடும், பெரியவரே."

வெள்ளியம்பலம் மடத்துக்குத் திரும்பியபோது மாலையாகிவிட்டது.

மடத்தார் இந்நிகழ்ச்சியைச் சொல்லும் பாடத்தில், அவர் வந்ததும் தலைவியின் காலில் விழுந்து கண்ணீர் வடித்ததாக வரும். தறி வீட்டார் பாடத்தில் அது இல்லை. அவர் இருந்த நிலையில் அழுதிருக்க வழியில்லை.

தையல்நாயகி மற்றவர்களின் கட்டுகளைப் பூசை மேடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"புத்தகம் எங்கே, ஐயா?"

"ஆறு இடத்தில் இருக்கிறது."

"இன்றைக்குள் கட்டி வைக்காவிட்டால் அது உங்கள் அறைக்கு வராது. பொது அறைக்குப் போய்விடும்."

"வழக்கம் எனக்குத் தெரியும்."

"மற்றப் பத்தில் மூன்றையாவது—"

"அம்மா, எந்தப் பத்து? யாருக்கு இப்போது அதற்கு நேரம்? ஒரு பெண் நோயுற்ற மாட்டை ஆற்றங்கரையில் எவனோ ஒருவனிடம் விட்டுப் போகிறாள். அவன் தீனி வைத்தானா இல்லையா என்று தெரியவில்லை. மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மாப்பிள்ளையோ விரலை நகர்த்த மாட்டேன் என்கிறான். நாளைக்குப் பூசை, படிக்கவும் கூடாது!"

தலைவி கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார்.

"எவனோ ஒருவன் என்றால்? முன்பின் தெரியாதவனா?"

"தெரியாதவன். திருடன் என்றும் பேச்சு."

"மாடு எழுந்ததா?"

"எழுந்தது. எப்படி எழுந்தது என்பதுதான் கேள்வி."

"நீங்கள் பலமுறை படித்தவராயிற்றே?"

"படித்தேன்!" என்று எரிந்து விழுந்தார் வெள்ளியம்பலம்.

தலைவி மேடையை விட்டு அருகில் வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அந்த நாலாம் பகுதி உங்கள் கைக்கு வந்ததும், முதலில் எனக்குக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"அதெப்படி, அம்மா? வரிசை இருக்கிறது. உங்களுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர்."