கடமானின் கொம்பும் நண்பர்களின் காணிக்கையும்

ஒரு காட்டில் எந்தப் பாதையில் நடந்தாலும், கடைசியில் அது ஒரு மலைக்குத்தான் போய்ச் சேரும். மலை உச்சியில் முருகன் கோயில். தைப்பூசம் வந்தால் விலங்குகள் எல்லாம் காணிக்கை சுமந்துகொண்டு அங்கே பாதயாத்திரை போகும்.

அந்தக் காட்டில் ஒரு கடமான் இருந்தது. யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல அதற்கு வாய் வராது. அதன் குட்டி காய்ச்சலில் படுத்தபோது, "பிள்ளை எழுந்து நடக்கட்டும் முருகா, ஒரு குடுக்கை பால் சுமந்து வருகிறேன்" என்று வேண்டிக்கொண்டது. குட்டி பிழைத்தது. மானும் இடது கொம்பில் பால் குடுக்கையைக் கட்டிக்கொண்டு விடியலில் கிளம்பியது. கோயிலில் அந்தி விளக்கு ஏற்றுவதற்குள் பால் போய்ச் சேர வேண்டும்.

துணைக்கு மூன்று நண்பர்கள் வந்தார்கள். சோம்பேறிக் கரடி தேனடை கொண்டுவந்தது. விளையாட்டுப் புத்திக் குரங்கு வாழைத்தார் கொண்டுவந்தது. வாய்ச்சவடால் நரி கழுத்தில் ஒரு காவித் துண்டோடு வந்தது. வேறு ஒன்றும் கொண்டுவரவில்லை. ஆனால் 'அரோகரா' போடுவதில் அதுதான் முதல்.

"காணிக்கை தரையில படக்கூடாது. பட்டா வேண்டுதல் செல்லாது" என்று புறப்படும்போதே நரி சட்டம் பேசியது.

ஆலமரத்தடி வந்ததும் கரடி நின்றது. "மான் அண்ணே, இதக் கொஞ்சம் புடிங்க. முதுகு அரிக்குது" என்று தேனடையை மானின் வலது கொம்பில் மாட்டியது. முதுகை மரத்தில் தேய்த்து முடித்தது. தேனடையை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

அடுத்து குரங்கு. "அண்ணே, ஒரு கொய்யா பறிச்சிட்டு வந்துடறேன்" என்று வாழைத்தாரை அதே கொம்பில் தொங்கவிட்டுத் தாவியது. அதற்குப் பிறகு அது தரைக்கே வரவில்லை, மரம் மரமாகத் தாவியே கூட வந்தது.

"கழுத்து வேர்க்குது அண்ணே. துண்டு என்ன கனமா?" என்று நரி தன் துண்டையும் கொம்பில் போட்டுவிட்டது.

தேன் மானின் கண்ணில் வழிந்தது. எறும்பு காதில் ஏறியது. வாழைத்தார் அடிக்கு ஒரு தடவை மூக்கில் இடித்தது.

"வாங்கிக்கங்கப்பா" என்றது மான்.

"அந்தத் திருப்பம் தாண்டட்டும் அண்ணே" என்றது கரடி. திருப்பம் தாண்டியதும் அடுத்த திருப்பத்தைக் காட்டியது.

"அப்ப நான் கீழ வச்சிடறேன்."

"ஐயையோ, தரையிலயா? அவங்க வேண்டுதல் உங்களாலதான் கெட்டுதுன்னு ஊரே பேசும்" என்றது நரி.

குழந்தைகளே, சொல்கிற எனக்கே எரிச்சலாக வருகிறது. சுமந்த மானுக்கு எப்படி இருந்திருக்கும்?

மலையடிவாரம் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கனம் தாங்காமல் மானின் தலையும் ஒரு பக்கம் சாய்ந்தது. குடுக்கையிலிருந்து பால் சொட்டியது. பிள்ளைக்காக வேண்டிய பால் மண்ணில் விழுவதைப் பார்த்ததும் மான் அப்படியே நின்றுவிட்டது. நரியைத் திரும்பிப் பார்த்தது.

"நரியாரே, சட்டம் தெரிஞ்சவர் நீங்க. ஒருத்தர் காணிக்கைய இன்னொருத்தர் சுமந்தா, புண்ணியம் யாருக்கு?"

தன்னிடம் சந்தேகம் கேட்டதும் நரிக்கு உச்சி குளிர்ந்தது. "இதுகூடத் தெரியாதா? சுமந்தவருக்குத்தான்."

"நல்லதாப் போச்சு. தேன் புண்ணியமும் எனக்கு, வாழைப்பழப் புண்ணியமும் எனக்கு. இனிமே யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்று மான் நடையைக் கட்டியது.

கரடி பதறிப்போய் ஓடிவந்து தேனடையைப் பிடுங்கியது. மரத்திலிருந்து குதித்த குரங்கு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டது. காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கரடி, இப்போது படிகளில் குரங்குக்கு முன்னால் ஓடியது.

மான் தலையை நிமிர்த்தியது. பால் சொட்டுவது நின்றது. சிந்தியது போகக் குடுக்கையில் நிறையவே பால் இருந்தது, குடுக்கையும் தரையில் படவில்லை.

கோயில் வாசலில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நரி தன் வெறுங்கையைப் பார்த்தது. மெல்ல மானை ஒட்டி வந்து குழைந்தது.

"அண்ணே, பாவம், காலையிலேருந்து சுமக்கிறீங்க. அந்தப் பாலை நான் கொஞ்சம் புடிக்கட்டுமா?"

"முடியாது தம்பி" என்றது மான். அந்தச் சொல் அதன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. "உன் பொருள்னு என்கிட்ட இருக்கிறது இந்தத் துண்டுதான். இந்தா, இதப் புடி."

நீதி: 'கொஞ்சம் பிடி' என்று சுமையைக் கொடுத்தவர் தானாகத் திரும்ப வாங்கமாட்டார், நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.