துண்டுக்குள்ள டான்யூப் ஆறு

புடாபெஸ்ட் டவுனுல பஸ் கெளம்பறப்போ பேரு படிச்சாங்களே, அப்ப என்ற பேருக்கு "இருக்காருங்க"ன்னு கொரல் குடுத்த புண்ணியவான் எவனோ, அவன் இந்த ஹாலுக்குள்ளதான் உக்காந்திருக்கான். டீ குடிச்சுட்டான். போண்டாவும் தின்னுட்டான். திங்கட்டும். ஆனா நான் பேசி முடிக்கறதுக்குள்ள அவன் எந்திரிச்சு நிக்கோணும்.

தலைவரு மன்னிக்கோணும். வெள்ளி விழாக் கூட்டத்துல கோவப்படக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தச் செவுத்தைப் பாருங்க. மாட்டுத் தரகர் சங்கத்து ஐரோப்பாச் சுற்றுலான்னு ஆளுயரத்துக்கு பிளெக்ஸ் அடிச்சு மாட்டியிருக்கீங்க. பார்லிமெண்டு கட்டடத்துக்கு முன்னால அத்தனை பேரும் பல்லைக் காட்டிட்டு நிக்கறீங்க. அதுல இந்த வெள்ளிங்கிரி எங்கே? காணோம். பஸ்ஸுல இருக்கான்னாங்க, போட்டோவுல காணோம்னதும் ஊருக்குள்ள என்ன பேச்சு? "வெள்ளிங்கிரி அன்னிக்குப் பூராப் பஸ்ஸு பின்சீட்டுல கவுந்தடிச்சுத் தூங்கிட்டு, ஊரைச் சுத்துனேன்னு அளக்கறான்." போன சந்தையில ஒருத்தன் என்ற கையில குடுத்த காளையைத் திருப்பிப் புடிச்சுட்டே போயிட்டானுங்க. "பார்க்காத ஊரைப் பார்த்தேங்கறவன் நாலு பல்லு மாட்டை ரெண்டு பல்லுன்னு வயசைக் கொறைச்சுத் தள்ளி உட்டுருவான்"ங்கறான். தரகனுக்கு வாய்தானுங்க காடு, வாய்தான் தோட்டம். அது போச்சுன்னா நான் எதை உழுவேன்?

"உழ முடியாட்டி உளறலாமுங்க!"

யாரு, பருத்திக்கொட்டைக் கடை அர்த்தநாரியா? சிரி மாப்ளே, சிரி. முடிவுல யாரு சிரிக்கறாங்கன்னு பார்க்கலாம்.

மொதல்ல அந்த ஊருக்கு நாம எப்படிப் போனோம்? செயலாளர் சென்னியப்பன் மைக்கைப் புடிச்சுப் "புடாபெஸ்ட்"னாரு. பொம்பளைங்க அத்தனை பேரும் கையைத் தூக்கிட்டாங்க. புடவை பெஸ்ட்டுன்னு காதுல உழுந்திருக்குது. என்ற சம்சாரம் மயிலாத்தா காலிப் பெட்டி ஒண்ணு தனியா எடுத்துட்டு வந்தா. போய்ப் பார்த்தா ஊர்ல ஒருத்தியும் புடவை கட்டலை.

சரி. குன்று மேல பஸ்ஸை நிறுத்துனாங்க. அங்க ஒரு ராசா வெங்கலக் குதிரை மேல உக்காந்திருக்காரு. நீங்கெல்லாம் ராசாவைப் போட்டோ புடிச்சீங்க. நான் குதிரையைப் பார்த்தேன். தொழில் புத்தி. பீடத்து மேல ஏறி வாயில கையை உட்டேன். கடைப்பல்லு தேஞ்சு கெடக்குது! ராசான்னு கூடப் பார்க்காம எவனோ தரகன் கெழட்டுக் குதிரையை அவரு தலையில கட்டியிருக்கான். அந்த வருத்தத்துல எறங்கி வாரேன், பஸ்ஸைக் காணோம்.

"சிலைக்குப் பல்லுப் பார்த்தீங்களாக்கும்?" இது நாச்சிமுத்து. எனக்கு எதிர்ப்பந்தல் தரகன், அப்படித்தான் கேப்பான்.

ஏண்டா, செஞ்சவன் பல்லு வெக்காமயா செஞ்சிருப்பான்?

"அது கெடக்கட்டும். மயிலாத்தக்கா பக்கத்து சீட்டுலதானே இருந்தாங்க? ஆளு இல்லாதது அவிங்களுக்குத் தெரியலையா?"

அவ சன்னல் பக்கமாப் புடவைக்கடை தேடிட்டு இருந்திருப்பா. நடுவுல நொழையாதே.

அந்தக் குன்று மேல ஒரு பெருசு உக்காந்திருந்தாரு. கொடுவாள் மாதிரி மீசை. லாயோஷ்னு பேரு. என்ற வாயில நொழையலை, ராயப்பன்னு வெச்சுட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவரு பாசை தெரியாது. அதனால என்ன? தோள்ல இருந்த துண்டை எடுத்து அவரு முன்னால விரிச்சேன்...

"சில்லறை எம்புட்டு உழுந்துச்சுங்க?"

உழுந்துச்சு அர்த்தநாரி. அதை வெச்சுத்தான் உன்ற கடைப் புண்ணாக்கைத் தின்ன மாட்டுக்கு வைத்தியம் பார்த்தேன். உக்காரு.

துண்டுக்குள்ள அவரு கையைப் புடிச்சேன். சந்தையில நாம எப்படி வெரலைப் புடிச்சு வெலை பேசறோமோ அப்படியே. பேசுனது காசு இல்லை. வெளியூர்க்காரன் எவனும் பார்க்காத எடம் எத்தனை காட்டுவே, அதுதான் பேச்சு. அவரு ஒத்தை வெரலைத் தொட்டாரு. நான் அஞ்சையும் சேர்த்து அமுக்குனேன். கடைசியில மூணுக்குப் படிஞ்சுது.

மொத எடம் வெந்நீர்க் கொளம். நீங்களும் பார்த்திருப்பீங்க, கெழவனுங்க தண்ணிக்குள்ள உக்காந்து சதுரங்கம் ஆடுவாங்க. அதுக்கு அடியில இன்னொரு கொளம் இருக்குது. அங்க ரெண்டு பேரு. அவிங்க பாட்டன் தொடங்கி வெச்ச ஆட்டத்தை இவிங்க ஆடிட்டு இருக்காங்க. ஊறி ஊறி ஒடம்பு நார்த்தங்காய் ஊறுகாய் மாதிரி ஆயிப் போச்சு. முடிவே வரலை. நான் பலகையைப் பார்த்தேன். ஒருத்தன் குதிரை சண்டி, இன்னொருத்தன் குதிரை நொண்டி. "ரெண்டையும் மாத்திக்குங்க, நொண்டிக்காரன் ஒரு சிப்பாயைச் சேர்த்துக் குடுக்கட்டும்"னு துண்டைப் போட்டு முடிச்சு உட்டேன். ஆட்டம் முடிஞ்சுது. ரெண்டு பேரும் அழுதுட்டே எந்திரிச்சு வெளிய வந்தாங்க பாருங்க, கொளத்துத் தண்ணி மொழங்காலுக்கு எறங்கிப் போச்சு! அத்தனையும் அவிங்க ஒடம்பு குடிச்ச தண்ணி.

ரெண்டாவது எடம், வேலை போன சிலைங்க இருக்கற காடு. கம்யூனிஸ்ட் ஆட்சி மாறுனதும் புடுங்கிக் கொண்டாந்து போட்டவை. எல்லாம் கையை நீட்டிட்டே நிக்குதுங்க, நீட்டுன பக்கம் ஒருத்தனும் போகலை. அதுல ஒரு பெரிய சிலை என்ற துண்டைப் புடிச்சு இழுத்துச்சு.

"சிலை எந்தப் பாசையிலீங்க பேசுச்சு?"

வெரலுக்கு ஏது நாச்சிமுத்து பாசை? "உங்க ஊர்ல காலி முச்சந்தி இருக்குதா?"ன்னு கேட்டுச்சு. "முச்சந்திக்கு நாலு சிலை நெருக்கிட்டு நிக்குதுங்க. எடம் கெடைச்சாலும் கம்பிக் கூண்டுக்குள்ளதான் நிக்கோணும்"ன்னேன். "என்ன தப்புப் பண்ணுனாங்க?"ன்னு கேக்குது. "தப்பெல்லாம் இல்லீங்க, அதுதான் எங்க ஊரு மரியாதை"ன்னேன். என்ற கையை உட்டுட்டு, மழையில நனைஞ்சாலும் பரவால்லைன்னு திரும்பி நின்னுக்குச்சு.

மூணாவது பாலம். பாலத்துக் கல்லுச் சிங்கத்துக்கு நாக்கு இல்லைன்னு அந்த ஊர்ல ஒரு பேச்சு. கையை உட்டுப் பார்த்தேன். நெசந்தான். காவலுக்கு நிக்கற சிங்கத்துக்குக் கோள் மூட்ட நாக்கு இல்லாததாலதான் அந்தக் கரைப் புடாவுக்கும் இந்தக் கரைப் பெஸ்ட்டுக்கும் சண்டை மூளலை. நம்ம சங்கத்து வாசலுக்கும் ரெண்டு வேணும்.

கீழ டான்யூப் ஓடுது. பத்து நாட்டு வழியா ஓடற ஆறாம். எனக்கு வயிறு எரிஞ்சுது. நமக்கு ஒரு மதகு தொறக்கோணும்னா ரெண்டு மாநில மந்திரி, நாலு கமிட்டி, அம்பது கடுதாசி. அதுக்குள்ள தென்னை பட்டுப் போயிருது. எறங்கி, தண்ணிக்குள்ள கையை உட்டுத் துண்டைப் போட்டேன். ஆறு அலையால என்ற வெரலை அமுக்குச்சு. நான் ஒரு வெரலை மடக்குனேன். அது நொரை தள்ளுச்சு. நான் எந்திரிச்சுப் போற மாதிரி பத்தடி நடந்தேன். "வாங்க, வாங்க"ன்னு கரையேறிப் பின்னாலயே வந்துருச்சு! வெலை படிஞ்சுது. ஆழியாத்துக் கால்வாய்ல உட்டுரலாம்னு ஆத்தைத் துண்டுல சுருட்டித் தோள்ல போட்டுட்டேன். கப்பலெல்லாம் சேத்துல நின்னுச்சு. மீனுங்க நடந்து போச்சு.

"அப்பறம் ஆறு எங்கீங்க? எங்க ஊட்டுக் கொழாயில இன்னிக்கும் காத்துதான் வருது."

அதைத்தாண்டா நாச்சிமுத்து சொல்ல வாரேன்! ஏர்போர்ட்டுல புடிச்சுட்டாங்க. நூறு மில்லிக்கு மேல தண்ணி கொண்டு போகக் கூடாதாம். "புழிஞ்சுட்டுப் போ"ன்னுட்டாங்க. ஒரு பெரிய ஆத்தை, வாசப்படியில நின்னு, இந்தக் கையால புழிஞ்சு உட்டுட்டு வந்தேன்.

சிரிச்சு முடிச்சாச்சா? இத்தனையும் பார்த்தவனைத்தான் தூங்குனான்னு சொல்றீங்க. இப்ப அந்தப் புண்ணியவான் எந்திரிக்கட்டும். சென்னியப்பா, பேரு படிச்சது நீ. எவன் கொரல் குடுத்தான்?

"வேண்டாமுங்கண்ணா."

சொல்லுடா!

"எவனுமில்லீங்க. அது பொம்பளைக் கொரலுங்க."

ஏப்பா எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பறீங்க? மயிலா, நீ எதுக்கு எந்திரிக்கறே? உக்காரு.

"நான்தானுங்க சொன்னேன்."

என்னது?

"கல்யாணமான நாள்லருந்து உங்க கூடக் கடைக்கு வாரனுங்க. ஒரு சீப்பு வாங்கறதுக்குள்ள கடைக்காரன் அழுதுருவான். நான் மூஞ்சியை எங்க வெக்கறதுன்னு தெரியாம ரோட்டைப் பார்த்துட்டு நிப்பேன். ஒருக்கா, ஒரே ஒருக்கா, சொன்ன வெலையைக் குடுத்து ஒரு சாமான் வாங்கிப் பார்க்கோணும்னு இருந்துச்சுங்க. அதான் நீங்க பஸ்ஸுல இருக்கறதாச் சொல்லிட்டேன்."

அப்படி என்னத்தை வாங்குனே?

"மொளகாப்பொடி."

ஒரு மாசமாக் கொழம்புல காரமே இல்லைன்னு கத்தறேன், என்ற நாக்குச் செத்துப் போச்சுன்னு சொன்னியேடி! அது அந்த ஊரு மொளகாப்பொடியா?

நாச்சிமுத்து, வாயை மூடு. எல்லாரும் சித்த இருங்க. மயிலா, இதை மட்டும் சொல்லு. நான் பஸ்ஸுல இல்லை. இல்லைதானே?

"இல்லீங்க."

கேட்டீங்களா! கேட்டுக்குங்க!

"சாயங்காலமாப் போலீஸ் வண்டியில வந்து ஓட்டல் வாசல்ல எறங்குனீங்க. சிலை மேல ஏறுனீங்கன்னு காலையில இருந்து ஸ்டேஷன்லயே உக்கார வெச்சிருந்தாங்களாம். ஓட்டல்காரரு சொன்னாரு."

சரி. இருக்கட்டும். அந்தப் போலீஸ் ஸ்டேஷன் எந்த ஊர்ல இருக்குது? புடாபெஸ்ட்டுலதானே? உங்கள்ல ஒருத்தராச்சும் அதை உள்ள போய்ப் பார்த்திருக்கீங்களா? பேசாதீங்க!

மயிலா, கெடுத்தது நீ, நீதான் சரி பண்ணோணும். நாளைக்குச் சந்தைக்கு என்ற கூட வா. காளையைத் திருப்பிப் புடிச்சுட்டுப் போனானே, அவன் மூஞ்சியைப் பார்த்து, "எங்க ஊட்டுக்காரரு பஸ்ஸுல தூங்கலை"ன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது பொய் இல்லையே? போலீஸைப் பத்தி அவனாக் கேட்டாச் சொல்லு, கேக்காட்டி நீயா ஆரம்பிக்காதே. என்ன பார்த்துட்டு நிக்கறே? வாரியா, இல்லையா? இத்தனை பேருக்கு முன்னால வாயைத் தொறந்து சொல்லு!