குழாய் எட்டும் தூரம்

ஆற்றங்கரையில் சாமியம்மாளுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஊரார் அதை மடம் என்பார்கள். அவள் அப்படிச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். கேட்க ஏதாவது இருந்தால் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு மேகம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வந்தது இரண்டே பேர். கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நயினார் ஒருவர். அவருக்கு அடுத்த வீட்டுக்காரி செங்கமலம் இன்னொருத்தி. பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வந்து போகிறார்கள்.

செங்கமலம் பையிலிருந்து மூன்று நோட்டீசுகளை எடுத்துத் தரையில் விரித்தாள். கடையில் சும்மா கொடுக்கிற வழவழப்பான தாள்.

"சாமியம்மா, ஒரு கேள்வி."

"கேளு."

"வீட்டுக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கணும். ஆவிப் பெட்டி. தண்ணித் தொட்டி தனியா இருக்கும். அதுலேருந்து குழாய் வழியா பெட்டிக்கு ஆவி வரும். கடையில மூணு விதம் வச்சிருக்கான். எத வாங்கட்டும்?"

நயினாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏ தாயி, போன வாரம் நான் சாவுக்குப் பெறகு என்னன்னு கேட்டேன். நீ இஸ்திரிப் பெட்டி கேக்குத. அடுத்த வாரம் மிக்ஸியா?"

செங்கமலம் சிரிக்கவில்லை. சாமியம்மாளும் சிரிக்கவில்லை.

"எனக்கு இஸ்திரியப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் சாமியம்மாள். அவள் உடுத்தியிருந்த காவி, துவைத்துப் பிழிந்த முறுக்கோடு அப்படியே இருந்தது. "நயினாருக்குத் தெரியும். சொல்லுங்க நயினாரு."

நயினார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இப்படி ஒரு பேச்சு வந்தால் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

"மொதல்ல ஆவியோட வேகம் பாக்கணும். அய்யாக்குட்டிக்குக் கஞ்சி போட்ட வேட்டி. ஆவி சீறிக்கிட்டு வந்தாத்தான் மடிப்பு நிக்கும். அடுத்தது நம்ம ஊருத் தண்ணி. உப்பு. தொட்டிக்குள்ள பொறுக்கு கட்டி அடைச்சிக்கிடும். கழுவி விடத் தொறப்பு இருக்கான்னு பாரு."

அய்யாக்குட்டி செங்கமலத்தின் வீட்டுக்காரர். நிலம் வாங்கி விற்கிற புரோக்கர். காலையில் ஒரு வேட்டி சட்டை, சாயங்காலம் ஒரு வேட்டி சட்டை. தும்பைப்பூ மாதிரி இருக்க வேண்டும். கசங்கின சட்டைக்காரனை நம்பி எவன் அட்வான்ஸ் கொடுப்பான் என்று கேட்பார்.

"பெறகு, குழாய் நீளமா இருக்கணும்," என்றார் நயினார். "வேட்டிய விரிச்சுப் போட்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடணும்லா. இந்தா, இந்த மூணாவது. ரெண்டே கால் மீட்டர். கண்ண மூடிக்கிட்டு வாங்கு."

"குட்டையான குழாய் எதுல இருக்கு அண்ணாச்சி?"

"குட்டையா? மொதப் பெட்டியில. ஒன்றரை மீட்டர். அதுல ஒரு துண்டக்கூட ஒழுங்காத் தேய்க்க முடியாது."

"தொட்டி கனம் எவ்வளவு?"

"தண்ணியோட ஆறு கிலோ வரும். கனங்கொறைஞ்சதா பாரு, நீதான தூக்கி வைக்கணும்."

"கனமாவே இருக்கட்டும். இன்னொண்ணு அண்ணாச்சி. வெடுக்குன்னு இழுத்தா குழாய் கழண்டு வந்திருமா?"

"வராது. தொட்டியோட சேத்து முடுக்கியிருப்பான். பெட்டி குழாயத் தாண்டி எங்கயும் போவாது."

"அப்ப மொதப் பெட்டிதான்," என்றாள் செங்கமலம். அந்த நோட்டீசை மட்டும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

நயினார் அவளைப் பார்த்தார். குழாய் குட்டையாக இருக்க வேண்டும். தொட்டி கனமாக இருக்க வேண்டும். இழுத்தால் கழன்று வரக் கூடாது. இத்தனை வருஷத்தில் எவரும் ஒரு சாமானை இப்படிக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

பழைய பெட்டி அவர் நினைப்புக்கு வந்தது. மூன்று தடவை அதை அவர்தான் சரி பண்ணிக் கொடுத்திருந்தார். முதல் தடவை கைப்பிடி பிளந்திருந்தது. அடுத்த தடவை மூக்கு நசுங்கியிருந்தது. மூன்றாம் தடவை ஒயர் வேரோடு பிய்ந்திருந்தது. கை நழுவுற பொண்ணா இருக்கியே என்று அவர் கேலி செய்தார். ஆமா அண்ணாச்சி என்று அவளும் சொன்னாள்.

மேசையிலிருந்து விழுந்தால் மூக்கு நசுங்கும், சரி. ஒயர் வேரோடு பிய்யாது. பிளக்கில் மாட்டியிருக்கும்போதே ஒருத்தன் பெட்டியைப் பிடுங்கி வீசினால்தான் அப்படிப் பிய்யும். முப்பத்திநாலு வருஷம் ஒயரைப் பிடித்த கை. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"எப்பம் எறிவாரு?" என்று கேட்டாள் சாமியம்மாள். பஸ் எப்போது வரும் என்று கேட்கிற குரல்தான்.

செங்கமலம் தலையை நிமிர்த்தவில்லை.

"எப்பவும் இல்ல சாமியம்மா. நல்லாத்தான் இருப்பாக. மடிப்பு கோணிப் போனாத்தான். அதுவும் பெட்டி கைக்குக் கிட்ட இருந்தாத்தான். இந்தப் பெட்டின்னா தொட்டியோட கட்டிக் கெடக்கும். நான் ஹால்ல டிவி மேசைக்கு அந்தப் பக்கம் போயிட்டா எட்டாது. அளந்து பாத்துட்டேன்."

"அளந்துட்டியா?"

"சேலைய வச்சு அளந்தேன்."

சாமியம்மாள் எழுந்தாள். துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றில் ஒரு ஈரக் காவி தொங்கியது. அதை எடுத்து நயினாரின் தோளில் போட்டாள். கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தாள். மறுமுனை கொட்டகையின் மூங்கில் காலோடு கட்டியபடியே இருந்தது.

"நயினாரு, ஒன்றரை மீட்டர் எது வரைக்கும்?"

நயினார் கயிற்றைக் கையால் அளந்து ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"இந்த மூங்கில் தொட்டி. இந்த முடிச்சு பெட்டி," என்றாள் சாமியம்மாள். "செங்கமலம், நீ எட்டாத எடத்துல போய் நில்லு."

செங்கமலம் எழுந்து போனாள். யோசிக்கவே இல்லை. கால் தானாக நின்றது.

சாமியம்மாள் முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தாள். கயிறு விறைத்தது. மூங்கில் முனகியது. சாமியம்மாள் கையை நீட்டினாள். முடிச்சுக்கும் செங்கமலத்தின் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"எட்டல," என்றாள் செங்கமலம். "பாத்தீங்களா அண்ணாச்சி? எட்டல."

பதினோரு வருஷத்தில் அவள் அப்படிச் சந்தோஷமாக ஒரு வார்த்தை பேசி நயினார் கேட்டதில்லை. கேட்கச் சகிக்கவில்லை.

சாமியம்மாள் கயிற்றை விட்டாள். அது மண்ணில் விழுந்தது.

பிறகு இன்னும் இரண்டு எட்டு வைத்து நடந்தாள். நேரே செங்கமலத்திடம் போய் நின்றாள். கையைத் தூக்கி, அவளுடைய இடது தோளுக்குப் பின்னால், ஜாக்கெட்டின் மேலேயே மெதுவாக வைத்தாள்.

செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தாள். அங்கே இருந்தது ஆறாத சூட்டுப் புண். தன் கையால் சுட்டுக்கொள்ள முடியாத இடம் அது.

நயினாரின் தோளிலிருந்து ஈரம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துணியை எடுத்து வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"எங்க வீட்டு மாடி அறை சும்மாத்தான் கெடக்கு," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "நம்ம வீட்டு மாடி அறை சும்மா கெடக்கு, தாயி."

செங்கமலம் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"நடுவுல ஒரு சுவருதான அண்ணாச்சி. மூணு தடவையும் பெட்டி விழுந்த சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும்லா?"

கேட்டிருந்தது. மூன்று தடவையும் அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அவள் குனிந்து நோட்டீசுகளைப் பொறுக்கினாள். மண்ணைத் தட்டி, மூன்றையும் ஒன்றாக அடுக்கி, விளிம்பை விரலால் நீவி நீவி மடித்தாள். மடிப்பு கோணாமல் வந்தது.

"நேரமாயிட்டு சாமியம்மா. நாளைக்கு அவுகளுக்கு ஒரு அட்வான்ஸ் பேச்சு இருக்கு. போய் வேட்டிக்குக் கஞ்சி போடணும். எந்தப் பெட்டின்னு மட்டும் சொல்லிருங்க."

சாமியம்மாள் கயிற்றை எடுத்தாள். நயினார் போட்ட முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கயிறு எட்டாத எடத்துலதான் நின்ன. நான் நடந்து வந்துட்டேன்," என்றாள். "அவரு நடந்து வர முடியாத எடம் ஒண்ணுல போய் நின்னு, இதே கேள்வியக் கேளு. அப்பச் சொல்லுதேன்."