நாமக்கோழி கட்டுன திட்டு

ஒரு பெரிய ஏரி. அதுல சடையாண்டின்னு ஒரு நாமக்கோழி. நெத்தியில பட்டையா வெள்ளை நாமம், மூஞ்சி நெறைய சோகம்!

போன மழையில ஏரி பெருகி, அவன் குடியிருந்த மண்திட்டு முழுகிப்போச்சு. "முட்டை வெக்க எடமில்லாத ஊர்ல எனக்கென்ன வேலை? எடம் ஒண்ணு பண்ணு, வர்றேன்!"னு பொண்டாட்டி அழகி கிழக்கால ஏரிக்குப் பறந்துட்டா.

அன்னையிலருந்து அவனுக்குக் கிழக்குதான் உலகம். கோரையப் பிடுங்குவான், சேறு அப்புவான், நடுவுல நடுவுல வானத்தைப் பாத்து, "க்கீ...க்"னு ஒரு பெருமூச்சு.

"கழுத்து சுளுக்கிக்கப் போவுது மச்சான்!"னு தவளை சிரிக்கும்.

ஒருவழியா திட்டு எழும்புச்சு. எழும்புனதும் பயலுக்குத் தலை கனத்துப்போச்சு!

"நடு ஏரியில நீர்க்காக்கா குடியிருக்கிற பாறையச் சுத்தி இருக்கிற தண்ணி அதுக்குத்தானே? அப்போ என் திட்டைச் சுத்தி இருக்கிறது எனக்கு!"

மத்தவங்க ஒத்துக்கல, வழக்கு நாட்டாமை கூழைக்கடாகிட்ட போச்சு. அது வாய்ல மீனை அடக்கிக்கிட்டே கொழகொழன்னு பேசுச்சு: "அந்தப் பாறைய ஏரியே குடுத்துச்சு, தண்ணியோட சேத்துக் குடுத்துச்சு. இது நீ கொட்டுனதுப்பா! உக்காரு, தூங்கு, குஞ்சு பொரி. ஒருத்தனும் உன்னை எழுப்ப முடியாது. உன் திட்டைச் சுத்தி இருக்கிற தண்ணி மட்டும் எல்லாருக்கும் பொது!"

"தீர்ப்பாம் தீர்ப்பு!"னு சடையாண்டி மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.

மறுநாள் விடிஞ்சதுலருந்து ஒரே கூப்பாடு. மீன் வந்தா, "போ!" வாத்து வந்தா, "போ!" பாவம், மெதந்து வந்த எலைக்குக் கூட, "போ!"

பொழுது சாயுற நேரம். தவளை நீந்தி வந்துச்சு.

"வராதே! இது என் எடம்! கிட்ட வந்தே, கொத்திக் கொன்னுடுவேன்!"

தவளை நின்னுச்சு. அவனைப் பாக்கல, மேல பாத்துச்சு.

"மச்சான்... அழகி வந்துட்டுப் போறா."

"எங்கடா?"

"திட்டுக்கு நேரா எறங்குனா. நீ கத்துனதும் தன்னைத்தான் விரட்டுறேன்னு நெனச்சு, திரும்பிட்டா!"

சடையாண்டி அண்ணாந்து பாத்தான். கிழக்கால வானத்துல கடுகளவு ஒரு புள்ளி. "அழகீ!"ன்னு கூப்பிட வாயைத் தொறந்தான். நாளெல்லாம் கத்துன தொண்டையிலருந்து, "ஹ்...க்"னு காத்துதான் வந்துச்சு.

நீர்க்காக்காவும் வரல, வாத்தும் வரல. அவ்வளவு தண்ணியும் இப்ப அவனுக்குத்தான்!

நாம கட்டுனதுல நாம தாராளமா வாழலாம், ஆனா சுத்தி இருக்கிறதையும் எனக்கேன்னு வளைச்சுப் போட்டா, யாருக்காகக் கட்டுனோமோ அவங்களே வெளிய நின்னுடுவாங்க.