பலகையில் முதல்வர் பெயர்

வாட்ஸ்அப் வராத காலம் அது. அந்தச் சமுதாயக் கல்லூரியில் யாருக்குக் கல்யாணம், என்றைக்கு விளையாட்டு விழா என்பதெல்லாம் வாசல் கரும்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். எழுதுகிறவள் அலுவலக உதவியாளர் பவளக்கொடி. முத்து முத்தான அந்த எழுத்தைப் பார்க்கவே பிள்ளைகள் சீக்கிரம் வருவார்கள்.

புதிதாக வந்த முதல்வர் ஞானசிகாமணி இரண்டு உத்தரவு போட்டார். தன் பெயர் இல்லாத செய்தி பலகையில் வரக் கூடாது. தன் பெயர் மேல் யாரும் டஸ்டர் வைக்கவும் கூடாது.

அந்த வாரம் தையல் பிரிவு லூர்து அக்கா ஓய்வு பெறவிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கப் பழக்கியவள். வழியனுப்பு விழா வைக்கலாமா என்று பவளக்கொடி முதல்வரிடம் கேட்டாள்.

“தற்காலிகப் பணியாளருக்கு விழா எதுக்கும்மா? என் பேர் வர்ற செய்தியா பார்த்து எழுது.”

“சரிங்க சார். உங்க பேர் போட்டே எழுதிடறேன்.”

மறுநாள் காலை பலகை முன்னால் கூட்டம். ‘வெள்ளி மூன்று மணிக்கு லூர்து அக்காவுக்கு வழியனுப்பு விழா. முதல்வர் ஞானசிகாமணி பொன்னாடை போர்த்துகிறார்.’

முதல்வர் விறுவிறுவென்று வந்தார். “யாரைக் கேட்டு எழுதின? அழி அதை.”

பவளக்கொடி டஸ்டரைப் பணிவாக நீட்டினாள். “உங்க பேர் மேல நான் எப்படி சார் வைப்பேன்? நீங்களே அழிச்சிடுங்க.”

கூட்டத்தில் லூர்து அக்காவும் நின்று, அந்த வரியை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். முதல்வர் டஸ்டரைப் பார்த்தார், தன் பெயரைப் பார்த்தார்.

“மூணு மணிக்குத்தானே?” என்றார்.

விழா முடிந்தும் அந்த வரியை யாரும் தொடவில்லை. உத்தரவு அப்படி. ஐப்பசி மழைதான் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. அதிலும் முதலில் கரைந்தது முதல்வர் பெயர்தான்.