பெனித்தோ படத்தின் சாட்சி

ஸ்பெயின் ராஜாவின் அரண்மனையில் கோமாளிகளையும் படம் வரைந்து மாட்டுவது வழக்கம். குள்ளக் கோமாளி பெனித்தோ மாடிப்படியில் உருண்டு செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. படத்தில் மட்டும் முறைத்துக்கொண்டே இருந்தான்.

"அவன் விழவில்லை, யாரோ தள்ளினார்கள்" என்று இன்னொரு கோமாளி பெரிக்கோ ராஜாவிடமே சொல்லிவிட்டான்.

அரண்மனை அதிகாரி ராமிரோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரடா சாட்சி? அந்தப் படமா? சாயங்காலத்துக்குள் அதைச் சொல்ல வை. இல்லாவிட்டால் உனக்குத் தூக்கு." ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

"சொல்லும் பிரபு. தள்ளினவர் முன்னால் வந்தால் அவரைவிட்டுக் கண்ணை எடுக்காது. சாயங்காலம் ஒவ்வொருவராகப் படத்துக்கு முன்னால் நடந்து பாருங்கள்" என்றான் பெரிக்கோ.

நேரே ஓவியரிடம் போனான். "ஐயா, மதியம் பெனித்தோ கண்ணில் புதுச் சாயம் பூசிவையுங்கள். எண்ணெய்ச் சாயம் லேசில் காயாதே."

மதியச் சாப்பாடு ஆனதும் அரண்மனையே தூங்கும். சாயங்காலம் எல்லோரும் கூடியபோது படத்தில் கண் இல்லை. யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள்.

"போச்சா உன் சாட்சி?" என்று ராமிரோ சிரித்தார்.

"கையைக் காட்டுங்கள் பிரபு."

ராமிரோவின் வெள்ளைச் சட்டைக்கை முழுக்க ஈரக் கறுப்பு. காவலர்கள் அவரை இழுத்துப் போனார்கள்.

பெரிக்கோ ஓவியரைக் கும்பிட்டான். "நல்ல நேரத்தில் பூசினீர்கள் ஐயா."

ஓவியர் முகம் வெளுத்திருந்தது. "நான் எங்கே பூசினேன்? தூரிகையோடு போனேன். கண் அதற்கு முன்னாலேயே ஈரமாக இருந்தது. பயந்து திரும்பிவிட்டேன்."

தன்னை மட்டும் வரைய வேண்டாம் என்று பெரிக்கோ அன்றைக்கே ராஜாவிடம் கேட்டுக்கொண்டான்.