கோமதியின் நடுக்கம்

“அடிச்சுப் பாத்துட்டேன் சாமி. பட்டினி போட்டும் பாத்துட்டேன். அடங்க மாட்டேங்கா” என்றார் பேச்சியப்பன்.

மடத்து யானை கோமதிக்கு அவர்தான் பாகன். வயது ஐம்பத்தெட்டு. எதிரே உட்கார்ந்திருந்த தம்பிரான் சுவாமிகளுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. ஆனாலும் தீட்சை கொடுத்தவரிடம் வயதுக் கணக்கா பார்க்க முடியும்?

போன திருவிழாவில் தவில் முழங்கிக்கொண்டிருந்தபோது கோமதியின் காலடியில் வெடி வெடித்துவிட்டது. அன்றிலிருந்து தவில் சத்தம் கேட்டாலே அவளுக்கு நான்கு காலும் உதறும். வருகிற தேரோட்டத்திலும் உதறினால் காட்டு முகாமுக்கு அனுப்பிவிடுவதாக மடத்தில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். மகளாக வளர்த்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

“தும்பிக்கை தூக்கி ஆசி கொடுக்க எப்படிப் பழக்கினீர்?” என்று கேட்டார் தம்பிரான்.

“தூக்கினா வெல்லம். தூக்கலைன்னா கிடையாது. நாலே நாள்ல பிடிச்சுக்கிட்டா.”

“இதற்கும் அதே வழியா?”

“ஆமா சாமி. நடுங்காம நின்னா வெல்லம். நடுங்கினா பிரம்பு. எல்லாம் கொழுப்பு, வேறென்ன?”

தம்பிரான் பக்கத்திலிருந்த செம்பை எடுத்தார். தன் தொடையில் ஒரு தட்டு. உடனே பேச்சியப்பன் முகத்தில் ஒரு கை தண்ணீர்.

மறுபடி தட்டு. மறுபடி தண்ணீர். பத்துத் தடவை.

பேச்சியப்பன் பொறுத்துக்கொண்டார். சாமியாயிற்றே.

“இனிக் கண்ணை மூடாமல் இரும். வெல்லம் தருகிறேன்.”

தட்டினார். தண்ணீர் வரவில்லை. கண் மூடிக்கொண்டது.

“மூடினால் பிரம்பு” என்று பேச்சியப்பனின் பிரம்பை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி தட்டினார்.

கண் முன்னைவிட இறுக மூடிக்கொண்டது.

“வெல்லமும் வேண்டாம், அடிக்கும் பயமில்லை. அவ்வளவு கொழுப்பா?”

“நான் எங்க சாமி மூடினேன்? அதுவா மூடுது.”

“தும்பிக்கை?”

“அது அவளாத் தூக்குறது...”

பேச்சியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயோ, தானா வர்ற நடுக்கத்துக்குப் போயா அவள அடிச்சேன்!”

“எத்தனை நாள்?”

“ஒரு மாசமா, சாமி.”

தம்பிரான் எழுந்து யானைக் கொட்டகைக்கு நடந்தார். பேச்சியப்பனை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனார். கோமதி தழையை மென்றபடியே தும்பிக்கையை அவர் தோளில் வைத்தாள்.

“இப்போது நீர் வாரும்.”

பேச்சியப்பன் வெறுங்கையோடு இரண்டு எட்டு வைத்தார்.

கோமதியின் முன்னங்கால்கள் உதறத் தொடங்கின.

அவர் திகைத்துப்போய்க் கோயில் பக்கம் காதைத் திருப்பினார்.

“தவில் எங்கயும் அடிக்கலையே, சாமி?”

“இல்லை” என்றார் தம்பிரான்.

மூன்றாவது எட்டு வைக்கப் பேச்சியப்பனுக்குக் கால் எழவில்லை.